எண்ணிக்கையை எடுப்போர் வாக்கியத்தை எறியலாகாது

யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்ற ஆறு வினாக்களுக்கும் விடை சொல்லாத செய்தி முழுமையான செய்தியன்று என்பது பத்திரிகைத் தொழிலுக்கு வருவோருக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடம். செய்தியாளர் நிகழ்ந்ததை வாக்கியமாக்குகிறார். இப்போது அதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு வேலை உலகெங்கும் நடைபெற்று வருகிறது. பல்லாயிரம் வாக்கியங்களைக் கணினியிடம் கொடுத்து, அவற்றிலிருந்து யார், எங்கே, எப்போது, எத்தனை பேர் என்பவற்றை மாத்திரம் பிரித்தெடுத்து அட்டவணையாக்கும் வேலையே அது.

இது கணினித்துறையினரின் விவகாரம், நமக்கென்ன என்று வாசகர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. முப்பதாண்டுப் போரில் மாண்டோரையும் காணாமற்போனோரையும் பற்றிய நமது பதிவுகளில் பெரும்பகுதி பழைய பத்திரிகைகளின் பக்கங்களிலேயே இருக்கிறது. நூலகம் இணையத்தளம் 2005ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் பேணி வருகிறது. அப்பக்கங்கள் கணினி வாசிக்கக்கூடிய எழுத்தாக மாறும்போது, அவற்றிலிருந்து கணக்கெடுக்க யாரேனும் முற்படுவார்கள். முற்படவும் வேண்டும். ஆனால் எப்படிக் கணக்கெடுப்பது என்பதில்தான் நமது இறந்தோருக்கு நியாயம் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் தங்கியுள்ளது.

வாய்பாடு என்னும் கருவி

இந்த வேலைக்குக் கணினியாளர்கள் முதலிற் கையிலெடுக்கும் கருவியின் பெயர் ரெகுலர் எக்ஸ்பிரஷன். சுருக்கமாக ரெஜெக்ஸ் என்பர். தமிழில் அதனை வாய்பாடு என்றே அழைக்கலாம். யாப்பிலக்கணம் கற்றோருக்கு இது புதியதன்று. நேரும் நேரும் அடுத்து வந்தால் தேமா, நிரையும் நேரும் அடுத்து வந்தால் புளிமா. சொல்லின் பொருள் என்னவென்று தேமா கேட்பதில்லை. அசைகள் அந்த ஒழுங்கில் நிற்கின்றனவா என்று மாத்திரமே பார்க்கிறது. ரெஜெக்ஸும் அவ்வாறே. எழுத்துகள் குறித்த ஒழுங்கில் நிற்கின்றனவா என்று பார்க்கும். பொருள் அதற்குத் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு:

[0-9]+ பேர் (கொல்லப்பட்டனர்|உயிரிழந்தனர்|பலியாகினர்)

சதுர அடைப்புக்குள் இருப்பது ஓர் இலக்கம். கூட்டற்குறி அவ்வாறான இலக்கம் ஒன்றோ பலவோ வரலாம் என்கிறது. நிலைக்கோடு இதுவோ அதுவோ என்று பொருள்படும். இந்த ஒரு வரியைக் கொடுத்தால் "வவுனியாவில் இடம்பெற்ற விபத்தில் 3 பேர் உயிரிழந்தனர்" என்ற வாக்கியத்திலிருந்து 3 என்ற எண்ணைக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துத் தரும். பத்தாண்டுப் பத்திரிகைகளைப் புரட்ட ஒருவருக்கு மாதக்கணக்கில் ஆகும். இதற்கோ சில நிமிடங்கள் போதும்.

இக்கருவியின் வரலாறு சுவையானது. அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி, நரம்பணுக்களின் வலையமைப்பைக் கணித முறையில் விளக்க முயன்றபோது இக்குறியீட்டு முறையை வகுத்தார். அவரது கட்டுரை 1956இல் நூலொன்றில் வெளியாயிற்று. அதே 1956இல் நோம் சோம்ஸ்கி, இவ்வகை எளிய இயந்திர முறையால் ஆங்கில மொழியின் வாக்கிய அமைப்பு முழுவதையும் விவரிக்க முடியாது என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார். கருவி பிறந்த ஆண்டிலேயே அதன் எல்லையும் குறிக்கப்பட்டுவிட்டது. 1968இல் கென் தொம்சன் அதனைக் கணினியில் உரை தேடுவதற்குப் பயன்படுத்தும் வழியை வெளியிட்டார். 1973இல் யுனிக்ஸ் இயங்குதளத்தில் கிரெப் என்ற தேடற் கருவி வந்தது. பெடரலிஸ்ட் கட்டுரைகள் எனப்படும் 85 அமெரிக்க அரசியற் கட்டுரைகளில் எதை யார் எழுதினார் என்று ஆராய்ந்த சகபாடி ஒருவருக்கு உதவவே தொம்சன் அதனை ஆக்கிக்கொடுத்தார் என்று அவருடன் பணியாற்றிய பிரையன் கெர்னிகன் கூறியிருக்கிறார். பத்திரிகைகளில் வெளிவந்த கட்டுரைகளைத் துருவுவதற்கே இக்கருவி முதலில் உதவியது என்பது நம் போன்றோருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

செய்தி வாக்கியமும் கணினியும்

செய்திகளிலிருந்து தகவல் பிரிக்கும் முயற்சியும் புதியதன்று. 1970களின் பிற்பகுதியில் யேல் பல்கலைக்கழகத்தில் ஃபிரம்ப் என்ற நிரல் செய்தி நிறுவனத் தகவல்களை வாசித்துச் சுருக்கம் தந்தது. பாப்பரசரின் மரணம் உலகை உலுக்கியது என்ற பொருளில் அமைந்த செய்தியை அது பூகம்பச் செய்தியாக எடுத்துக்கொண்டது என்பது அத்துறையில் இன்றும் சொல்லப்படும் கதை. "உலுக்கியது" என்ற சொல்லைக் கண்டதும் அது பூகம்பத்துக்கான படிவத்தை நிரப்பத் தொடங்கிவிட்டது.

1987 முதல் அமெரிக்காவில் அரச ஆதரவுடன் மெசேஜ் அண்டர்ஸ்ராண்டிங் கொன்பரன்ஸ் என்ற போட்டித்தொடர் நடத்தப்பட்டது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட பாடம் இலத்தீன் அமெரிக்காவின் வன்முறைச் செய்திகள். தாக்கியவர் யார், தாக்கப்பட்டவர் யார், ஆயுதம் எது, எத்தனை பேர் என்று படிவம் நிரப்ப வேண்டும். 1992இல் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தார் வாக்கியத்தை ஆழமாகப் புரிந்துகொள்ள முயலும் தமது பழைய முறையைக் கைவிட்டு, ரெஜெக்ஸின் உறவினர்களான எளிய வாய்பாடுகளை அடுக்கடுக்காக வைத்து ஃபாஸ்டஸ் என்ற நிரலை உருவாக்கினர். மணிக்கணக்கில் நடந்த வேலை நிமிடங்களில் முடிந்தது. முடிவும் முன்னையதை விட நன்றாக இருந்தது. ஆயினும் இப்போட்டிகளில் முழு நிகழ்வையும் படிவமாக்கும் பாடத்தில் சிறந்த நிரல்களின் மதிப்பெண் நூற்றுக்கு அறுபதை ஒட்டியே பல காலம் நின்றுவிட்டது. ஐந்து செய்தியில் மூன்றைச் சரியாக வாசிக்கும் ஒருவரை எந்த ஆசிரியர் தமது மேசையில் வைத்திருப்பார்?

அதே 1992இல் மார்ட்டி ஹேர்ஸ்ட் என்ற ஆய்வாளர், "போன்ற" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர்களை வாய்பாடாக்கி, எது எதன் வகை என்ற அறிவைப் பெருந்தொகையான உரைகளிலிருந்து திரட்டலாம் என்று காட்டினார். தமிழுக்கு இது மிகவும் பொருந்தும். "மா, பலா, வாழை முதலிய கனிகள்" என்ற தொடரிலிருந்து மூன்றும் கனிகள் என்று கணினி அறியும். ஆனால் "முதலிய" இருக்குமிடத்தில் "போன்ற" இருந்தால் அவதானம் வேண்டும். "மலை போன்ற அலை" என்ற உவமையை வாசித்துவிட்டு, மலை என்பது ஒருவகை அலை என்று அது எழுதிவைக்கும்.

தமிழ் வாக்கியத்தின் பொறிகள்

ஆங்கிலத்துக்கே இந்நிலை என்றால் தமிழுக்கு என்ன நிலை?

முதலாவது எழுத்து. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் நமது பத்திரிகையாளர் பலர் தட்டச்சுச் செய்தது பாமினி எழுத்துருவில். திரையிலே தமிழாகத் தெரிந்தாலும் கணினியின் வயிற்றுக்குள் இருப்பது உரோம எழுத்துகளே. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாமல் எந்த வாய்பாடும் வேலை செய்யாது. மாற்றிய பின்னரும் தொல்லை தீர்வதில்லை. "கொ" என்ற எழுத்தில் ககரத்துக்குப் பின்வரும் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. வாய்பாட்டுக்கு இரண்டும் வேறு. முதலில் இவற்றை ஒருநிலைப்படுத்தாவிட்டால் "கொல்லப்பட்டனர்" என்ற சொல்லில் பாதி வாக்கியங்கள் சத்தமின்றி விடுபட்டுப் போகும். பைத்தன் மொழியுடன் வரும் ரெஜெக்ஸ் கருவியில் "சொல்லெழுத்து" என்பதற்கான குறி, தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. "கொலை" என்ற சொல் அங்கே "க" என்றும் "ல" என்றும் இரண்டு துண்டாகும். ஆங்கிலத்தை மனதில் வைத்து அமைத்த கருவியை அப்படியே நம்பினால் நேர்வது இதுதான்.

இரண்டாவது எண். ஆங்கிலத்தைப் போல எண் எப்போதும் தனித்து நிற்பதில்லை. ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர், எழுவர், எண்மர் என ஆளோடு ஒட்டி நிற்கும். இலக்கத்தைத் தேடும் வாய்பாடு "மூவர் உயிரிழந்தனர்" என்பதைக் காணாமலே கடந்துவிடும். "தாயும் மகளும் பலியாகினர்" என்ற வாக்கியத்தில் எண்ணே இல்லை, இறந்தோர் இருவர். "இரண்டு குழந்தைகள் உட்பட ஐந்து பேர்" என்றால் ஐந்து. "இரண்டு குழந்தைகளும் மேலும் ஐந்து பேரும்" என்றால் ஏழு. இவ்வேறுபாடு ஒரு சிறு சொல்லில் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது இடமும் காலமும். யாழ்ப்பாணம் என்ற பெயரைத் தேடுபவருக்கு "யாழ்ப்பாணத்தில்" என்பது கிடைக்காது. மகரமெய் அங்கே மறைந்துவிட்டது. "யாழ்.", "மட்டு." என்று புள்ளியிட்டுச் சுருக்குவது நமது வழக்கம். அப்புள்ளியை வாக்கிய முடிவென்று கணினி எண்ணிக்கொள்ளும். "நேற்று", "நேற்று முன்தினம்", "கடந்த வெள்ளிக்கிழமை" என்பன பத்திரிகையின் திகதி தெரிந்தால் மாத்திரமே பொருள் தரும்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். பொறுமையுள்ள ஒருவர் வாய்பாடுகளை நூறாகப் பெருக்கிச் சமாளித்துவிடலாம். நான் அஞ்சுவது இவற்றை அல்ல.

வினையின் வாலில் இருக்கும் பொறுப்பு

"17 பேர் கொல்லப்பட்டனர்" என்பது ஒரு வாக்கியம். "17 பேர் கொல்லப்பட்டதாகப் படைத்தரப்பு தெரிவித்தது" என்பது வேறொரு வாக்கியம். முன்னையதற்குப் பத்திரிகை பொறுப்பேற்கிறது. பின்னையதற்குச் சொன்னவர் பொறுப்பு. "கொல்லப்பட்டதாக வெளியான செய்தியை அவர் மறுத்தார்" என்பது மூன்றாவது. "கொல்லப்பட்டிருக்கலாம் என அஞ்சப்படுகிறது" என்பது நான்காவது. நான்குக்கும் பொதுவானது "கொல்லப்பட்ட" என்ற அடி. வேறுபாடு முழுவதும் வினையின் வாலில் இருக்கிறது.

வாய்பாடு எழுதுபவர் என்ன செய்வார்? முழுச் சொல்லையும் கொடுத்தால் பல வாக்கியங்கள் தவறிப்போகின்றன என்று கண்டு, வாலை வெட்டி "கொல்லப்பட்ட" என்ற அடியை மாத்திரம் கொடுப்பார். இப்போது எல்லாம் அகப்படும். உறுதி, கூற்று, மறுப்பு, அச்சம் நான்கும் அட்டவணையில் ஒரே எண்ணாக வந்து அமரும். கருவி கூடுதலாகப் பிடிப்பதற்காக நாம் கொடுத்த விலை, யார் சொன்னார் என்ற தகவல்.

போர்க்காலத்தில் இந்த வால்களை அளந்து அளந்து எழுதியவர்கள் நமது ஆசிரிய பீடங்களில் இருந்தார்கள். "தெரிவித்தது" என்பதற்கும் "உறுதிப்படுத்தியது" என்பதற்கும் இடையே அவர்கள் கண்ட தூரம் சிறியதன்று. "பலியாகினர்", "சாவடைந்தனர்", "வீரச்சாவடைந்தனர்" என்பவற்றுள் எது பக்கத்தில் வந்தது என்பதே அப்பத்திரிகை எங்கிருந்து, எவருடைய கண்காணிப்பின் கீழ் வெளிவந்தது என்பதற்குச் சான்று. எல்லாவற்றையும் "இறப்பு" என்ற ஒரே நிரலில் போட்டால் அச்சான்றும் அழிந்துவிடும்.

செயப்பாட்டு வினை மற்றொரு சிக்கல். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அதே நாள்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. இந்த வாக்கியத்தில் எரித்தவர் இல்லை. செய்தவர் யார் என்ற நிரலைக் கணினி வெறுமையாக விடும். பல்லாயிரம் வாக்கியங்களில் அந்நிரல் வெறுமையாக இருந்தால், நாளை அட்டவணையைப் பார்ப்பவர் எவரும் எதையும் செய்யவில்லை என்றே முடிவு கட்டலாம். அச்சத்தினால் எழுத்தில் விடப்பட்ட வெற்றிடம் தரவில் நிரபராதித்துவமாக மாறிவிடும்.

எண்ணிக்கை படும் பாடு

அண்மைய இரண்டு நிகழ்வுகளை நினைவூட்டலாம்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் உயிரிழந்தோர் தொகை நாளுக்கு நாள் ஏறிச்சென்று 359 என அறிவிக்கப்பட்டது. நான்கு நாள்களின் பின் சுகாதார அமைச்சு அதனைச் சுமார் 253 எனக் குறைத்துத் திருத்தியது. சிதைந்த உடல்களைக் கணக்கிடுவதில் ஏற்பட்ட தவறே காரணம் என்று விளக்கம் தரப்பட்டது. "359 பேர் பலி" என்ற தலைப்பு உலகப் பத்திரிகைகள் அனைத்திலும் இருக்கிறது. எந்த வாய்பாட்டுக்கும் இலகுவில் அகப்படும். "தொகை 253 எனத் திருத்தப்பட்டது" என்ற வாக்கியத்திலோ "பலி" என்ற சொல்லே இல்லை. பிழை அகப்பட்டு, திருத்தம் தப்பிவிடுகிறது.

மற்றையது 2014 ஏப்ரலில் நைஜீரியாவின் சிபொக் என்ற இடத்தில் 276 மாணவிகள் கடத்தப்பட்ட வேளையில் நடந்தது. உலகச் செய்திகளைக் கணினி கொண்டு நிகழ்வுகளாக வகைப்படுத்தும் ஜிடெல்ட் என்ற பெருந்தரவுத்தளத்தை வைத்து, அந்நாட்டில் ஆட்கடத்தல்கள் பெருகிவருகின்றன என்று அமெரிக்கத் தரவு இதழியல் தளமொன்று வரைபடத்துடன் எழுதியது. அத்தரவு எண்ணுவது கடத்தல்களை அல்ல, கடத்தல் பற்றிய செய்திகளையே என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். தளம் தனது கட்டுரையைத் திருத்த நேர்ந்தது. ஒரு நிகழ்வை நூறு பத்திரிகைகள் எழுதினால் அது நூறு நிகழ்வாகாது. ஒருவரும் எழுதாத நிகழ்வு நிகழாததும் ஆகாது. செய்தியாளர் நுழைய முடியாதிருந்த வன்னியின் இறுதி மாதங்களை நினைத்துப் பார்க்கும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த இறுதி மாதங்களைப் பற்றிய எண்களும் இத்தகையனவே. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, நம்பகமான பல தரப்புகளின் மதிப்பீட்டின்படி 40,000 வரையான பொதுமக்கள் மாண்டிருக்கக்கூடும் என்றது. 2012இல் வெளியான ஐ.நா. உள்ளக மீளாய்வு அறிக்கை, 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை எனக் காட்டும் தகவல்களை வேறு தரப்புகள் குறிப்பிட்டிருப்பதாகச் சொன்னது. ஒன்று "வரை" என்கிறது. மற்றது "மேற்பட்டோர்" என்கிறது. ஒன்று மாண்டோரைப் பேசுகிறது. மற்றது கணக்கில் வராதோரைப் பேசுகிறது. வாய்பாட்டுக்கு அகப்படுவன 40,000, 70,000 என்ற இரண்டு எண்கள் மாத்திரமே. அவற்றை மேடையில் முழங்குவோரும் சரி, வாலைப் பிடித்து முழுவதையும் பொய்யென மறுப்போரும் சரி, வாக்கியத்தை வாசிக்காதவர்களே. இறந்தவர்களுக்கு இரு சாராரும் செய்வது ஒரே அநீதி.

புதிய இயந்திரம் போதுமா?

இன்று பெரும் மொழி மாதிரிகள் வந்துவிட்டன, பழைய வாய்பாடுகள் எதற்கு என்று இளையோர் கேட்கலாம். வினையின் வாலையும் "உட்பட"வையும் அவை பெரும்பாலும் சரியாகவே வாசிக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாய்பாட்டுக்கு ஒரு நேர்மை உண்டு. வாக்கியத்தில் இல்லாத எண்ணை அது ஒருபோதும் தராது. ஏன் இதை எடுத்தாய் என்று கேட்டால், அந்த ஒரு வரியைக் காட்டி எவரும் விளக்கலாம். மொழி மாதிரியோ சில வேளைகளில் இல்லாததை உள்ளதுபோலச் சொல்லும்; ஏன் சொன்னது என்பதற்கு உறுதியான விடை இல்லை. நீதிமன்றத்திலோ ஆணைக்குழுவிலோ வைக்கப்படும் கணக்குக்கு அது போதாது. ஆகவே புதியதை வாசிக்க விட்டு, அது தரும் ஒவ்வொரு எண்ணும் பெயரும் மூல வாக்கியத்தில் உள்ளனவா என்று பழையதைக் கொண்டு சரிபார்ப்பதே விவேகம்.

இவ்வேலையில் இறங்கும் இளையோரிடம் நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, எடுத்த எண்ணுக்கு அருகே எடுக்கப்பட்ட வாக்கியத்தை முழுமையாக வையுங்கள். பத்திரிகையின் பெயரும் திகதியும் பக்கமும் உடன் இருக்கட்டும். இரண்டாவது, யார் சொன்னார் என்பதற்குத் தனி நிரல் கொடுங்கள். சொன்னவர் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். மூன்றாவது, செய்திகளைக் கூட்டாதீர்கள். காலையில் மூவர், மாலையில் ஐவர், மறுநாள் எண்மர் என்று வந்த மூன்று செய்திகளின் கூட்டுத்தொகை பதினாறு. இறந்தோர் எட்டுப் பேர். நான்காவது, நூறு வாக்கியங்களையேனும் கையால் வாசித்து, கருவி எத்தனையைச் சரியாக எடுத்தது, எத்தனையைத் தவறவிட்டது என்பதை அட்டவணையின் தலையிலேயே எழுதுங்கள்.

எழுதுகின்ற நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் அமைக்கப்பட்டது. ஆயினும் தம் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் இன்றும் பழைய பத்திரிகைத் துண்டுகளைக் கைப்பைகளில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அத்துண்டில் உள்ள வாக்கியம் தரவு அன்று; சான்று. எனவே இன்று எழுதும் செய்தியாளர் செய்தவர் தெரிந்தால் எழுவாயாக எழுத வேண்டும். சொன்னவரை வாக்கியத்தில் நிறுத்த வேண்டும். "சிலர்" என்று எழுதும் முன் எத்தனை பேர் என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும். "நேற்று" என்பதோடு திகதியையும் சேர்க்க வேண்டும். நாளை அதனை வாசிக்கப்போவது மனிதரா இயந்திரமா என்பது நமக்குத் தெரியாது. எவர் வாசித்தாலும் பொருள் பிறழாத வாக்கியத்தை எழுதிவைப்பது இன்றைய செய்தியாளரின் பொறுப்பு. அதிலிருந்து எண்ணை மாத்திரம் பிடுங்கிக்கொண்டு ஓடாதிருப்பது நாளைய ஆய்வாளரின் பொறுப்பு.